அமெரிக்க கம்யூனிட்டி காலேஜில் படிப்பு எப்படி இருக்கும்? அங்கே சாதித்தேன் என்று சொல்ல என்ன இருக்கிறது?

கணவரின் வேலைக்காக அமெரிக்கா வந்திருப்பதாகவும், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் மக்களுக்கான இரண்டாண்டுக் கல்லூரி) இருப்பதாகவும், "யார் போனாலும் சேர்த்துக்கொள்வார்கள், அங்கே படித்து என்ன ஆகப்போகிறது" என்று தெரிந்தவர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் போய்ச் சேருங்கள். நானும் கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் எச்-4 விசாவில் வந்தவள்தான். ஊரில் பி.காம். முடித்து, கல்யாணம், குழந்தை என்று சில வருடங்கள் போன பிறகு, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரத்து ஓலோனி கல்லூரியில் சேர்ந்தேன். நர்சிங் படிப்பதற்கு முன் முடித்தாக வேண்டிய உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், ஆங்கிலம் எல்லாம் அங்கேதான் படித்தேன்.

யார் போனாலும் சேர்த்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். இந்தக் கல்லூரிகளைத் தொடங்கியதே அதற்காகத்தான். 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் முதல் அரசு இரண்டாண்டுக் கல்லூரி ஆரம்பமானது. இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகள் இருக்கின்றன. பாடங்களின் அளவை யூனிட் என்று கணக்கிடுகிறார்கள். மாநிலத்தில் வசிப்பவர் என்ற தகுதி இருந்தால் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். முழுநேர மாணவராக இருக்க 12 யூனிட் வேண்டும், அதாவது ஒரு செமஸ்டருக்கு 552 டாலரும் அதற்கு மேல் சில சின்னக் கட்டணங்களும். எச்-4-இல் இருப்பவர்களும் ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்ததைக் காட்டி இந்தத் தகுதியைப் பெறலாம். பெறாவிட்டால் கட்டணம் பல மடங்கு ஆகிவிடும். அதனால் வாடகை ஒப்பந்தம், வரித்தாக்கல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவது எளிது. முடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவது ஸ்பிரிங் செமஸ்டரில். ஆகஸ்டு கடைசியில் தொடங்கும் ஃபால் செமஸ்டரில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, வகுப்பில் நாற்காலி கிடைக்காது. ஜனவரியில் மறுபடி திறக்கும்போது கூட்டம் குறைந்திருக்கும். வேலை நேரம் மாறியவர்கள், வாடகை கட்ட முடியாமல் வேறு ஊருக்குப் போனவர்கள், முதல் செமஸ்டரிலேயே சோர்ந்துபோனவர்கள் வந்திருக்க மாட்டார்கள். திரும்பி வந்தவர்களின் முகத்தில் ஒரு தீர்மானம் தெரியும்.

ஓலோனி ஒரு குன்றின் சரிவில் இருக்கிறது. பின்னால் மிஷன் பீக் மலை. ஜனவரி, பிப்ரவரி மழையில் அந்த மலை பச்சைப்பசேல் என்று ஆகி, மே மாதத்துக்குள் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். எங்கே போனாலும் படிக்கட்டுதான். பல்கலைக்கழகத்து விடுதி வாழ்க்கையை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். வகுப்பு முடிந்ததும் பாதிப் பேர் வேலைக்கு ஓடுவார்கள், மீதிப் பேர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓடுவார்கள். கேம்பஸ் வாழ்க்கை என்று எனக்குக் கிடைத்தது நூலகத்து மேசையும், இலவச டியூஷன் தரும் டியூட்டரிங் சென்டரும், ஆய்வக வாசலில் நின்று சாப்பிட்ட டிபன் பாக்ஸ் எலுமிச்சைச் சாதமும்தான். அது எனக்கு நிறைவாகவே இருந்தது.

உடற்கூறியலை நான் ஸ்பிரிங்கில் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜனவரியில் அத்தை ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்தார்கள். ஆறு மாதம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்போதே கடினமான பாடத்தை முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். இங்கே நர்சிங் படிக்கும் நம்மூர்ப் பெண்கள் பலருக்கும் கால அட்டவணை இப்படித்தான் அமைகிறது. மாமியாரோ அம்மாவோ வரும் தேதியைப் பார்த்துப் பாடத்தைப் பதிவு செய்வார்கள்.

அந்தப் பாடத்தின் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் படிப்பு லேசானது என்று நினைப்பவர்கள் ஒரு முறை அந்த அறைக்குள் வந்து பார்க்கலாம். மேசைகள் மேல் எலும்புகளும் மாதிரி உடல்களும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் எண் போட்ட ஒரு குண்டூசியோ ஒட்டுச்சீட்டோ இருக்கும். ஒரு தொடை எலும்பின் மேல்முனைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு. அதன் பெயர் என்ன, இது இடது காலா வலது காலா, இங்கே எந்தத் தசை ஒட்டுகிறது? ஒரு நிமிடம்தான். மணி அடிக்கும், அடுத்த மேசைக்கு நகர வேண்டும். திரும்பிப்போய்ப் பார்க்க முடியாது. எழுத்துப் பிழைக்கும் மதிப்பெண் குறைப்பார்கள். வீட்டில் சப்பாத்தி மாவு பிசையும்போதே மணிக்கட்டின் எட்டு எலும்புகளை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். "இந்தியாவுலயே டாக்டருக்குப் படிச்சிருக்கலாமேம்மா" என்பார்கள் அத்தை.

எங்கள் வகுப்பில் காதுகேளாத ஒரு பெண் இருந்தாள். ஃப்ரீமாண்டில் இது அதிசயமில்லை. கலிஃபோர்னியாவின் காதுகேளாதோர் அரசுப் பள்ளிகள் இரண்டில் ஒன்று 1980 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஓலோனியிலும் காதுகேளாதோர் கல்விக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, சைகை மொழிபெயர்ப்பாளர்களையும் அங்கே பயிற்றுவிக்கிறார்கள். ஆசிரியர் பேசும்போது பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்று சைகையில் சொல்லிக்கொண்டே வருவார். அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால் அந்தப் பெண்ணால் குனிந்து குறிப்பு எழுத முடியாது. அதனால் வகுப்பில் யாராவது தங்கள் குறிப்புகளை அவளுக்குக் கொடுப்பார்கள். அந்த செமஸ்டரில் நான் கொடுத்தேன். இன்னொருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்த பிறகு என் குறிப்புகள் எவ்வளவோ தெளிவாயின. அதில் எனக்கும் லாபம்.

கழுத்தில் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட் என்று ஒரு தசை இருக்கிறது. ஆங்கிலத்தில் 19 எழுத்து. முதல் தடவை மொழிபெயர்ப்பாளர் அதை விரலால் எழுத்து எழுத்தாக உச்சரித்துக் காட்டினார். அதற்குள் ஆசிரியர் அடுத்த தசைக்குப் போய்விட்டார். மொழிபெயர்ப்பாளர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துப்பட்டை எலும்பு வரைக்கும் ஒரு விரலைச் சாய்வாக இழுத்துக் காட்டினாள். அந்தத் தசை ஓடுவதும் அப்படித்தான்! இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். அன்று முதல் அந்த வகுப்புக்குள் அதற்கு அதுதான் சைகை. அப்புறம் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைவில் வைத்துக்கொண்டோம். தேர்வு அறையில் பலர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டதை நானே பார்த்தேன். அந்தப் பாடத்தில் எங்கள் படிப்புக் குழுவில் அதிக மதிப்பெண் வாங்கியது அவள்தான்.

ஏப்ரல் மாதம் கேம்பஸில் வேறு மாதிரி இருக்கும். ஒரு பக்கம், பாடத்தை விட்டு விலகுவதற்கான கடைசித் தேதி நெருங்கும். அதற்குள் விலகினால் டபிள்யூ என்று மட்டும் பதிவாகும், சராசரி குறையாது. தேதி தாண்டித் தோற்றால் எஃப். சாதாரணமாக ஒரே பாடத்தை மூன்று தடவைக்கு மேல் எடுக்க விடமாட்டார்கள், டபிள்யூவும் ஒரு தடவையாகவே எண்ணப்படும். அதனால், எந்தப் பாடம் எடுப்பது என்று வழிகாட்டும் கவுன்சலர் அறை வாசலில் வரிசை நிற்கும்.

இன்னொரு பக்கம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்ஃபர் முடிவுகள் வரும் மாதமும் அதுதான். இங்கே இரண்டு ஆண்டில் 60 யூனிட் முடித்துவிட்டு நேராக மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், சொன்ன பாடங்களைச் சொன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போல எழுதிக் கொடுக்கின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சல்ஸும் இதில் இல்லை. ஆனால் அவையும் ஒவ்வோர் ஆண்டும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களை ஏராளமாகச் சேர்த்துக்கொள்கின்றன. பட்டச் சான்றிதழில் இரண்டு ஆண்டு எங்கே படித்தீர்கள் என்று எழுத மாட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுச் செலவு மட்டும் மிச்சம்.

புள்ளியியல் வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரர் இரவில் கிடங்கில் வேலை பார்ப்பவர், வீட்டில் அவருக்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. ஒரு நாள் மதியம் நூலகத்தில் ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். டேவிஸ். அவருக்கு வாய் திறந்து பேச முடியவில்லை. ஃபோனை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று பையைக்கூட எடுக்காமல் வெளியே போனார். நான்தான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாதனை என்ன" என்று நீங்கள் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இது.

பெரிய பெயர்கள் வேண்டுமானால் அதுவும் இருக்கிறது. டாம் ஹாங்க்ஸ் படித்தது எங்களுக்குப் பக்கத்து ஊரான ஹேவர்டின் சபோ கல்லூரியில். தன் வாழ்க்கையே அந்தக் கல்லூரியால் வந்தது என்று 2015-இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்து கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கியவர். இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்கென்றே 1918 முதல் ஃபை தீட்டா கப்பா என்ற கௌரவச் சங்கம் இருக்கிறது. ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை, டிரான்ஸ்ஃபர் ஆகும் மாணவர்களில் சிலருக்கு ஆண்டுக்கு 55,000 டாலர் வரை உதவித்தொகை தருகிறது. உங்கள் மதிப்பெண் நன்றாக இருந்தால் இவற்றைக் கட்டாயம் விசாரியுங்கள். நம் ஆட்கள் கேட்கத் தயங்கியே இவற்றைத் தவறவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

மே மாதம் ஃபைனல்ஸ் முடிந்ததும் பட்டமளிப்பு விழா. அந்த வருடம் எனக்குப் பட்டம் இல்லை, ஆனாலும் அத்தையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் படிப்புக் குழுவில் இருந்த அந்தக் காதுகேளாத பெண்ணுக்குப் பட்டம். மேடை ஏறியவர்களில் பள்ளி முடிக்கும் முன்பே கல்லூரிப் பாடங்களையும் சேர்த்துப் படித்த பதினெட்டு வயதுப் பையன்கள் இருந்தார்கள். பேரப்பிள்ளைகள் பெயர் சொல்லிக் கத்த, கைத்தடியோடு ஏறிய பாட்டி இருந்தார். ராணுவத்திலிருந்து வந்தவர்களும் கைக்குழந்தையோடு நடந்தவர்களும் இருந்தார்கள். காதுகேளாத மாணவர்கள் ஏறும்போது கூட்டம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை அசைக்கும். அதுதான் அவர்களுக்குக் கைதட்டல். அத்தை ஒரு நிமிடம் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தானும் கைகளைத் தூக்கி அசைத்தார்கள். "இந்த வயசுல இவ்வளவு பேர் படிக்கிறாங்களா" என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். என் படிப்பைப் பற்றி அதுவரை ஊர் உறவினர்களிடம் பேசாதவர்கள், அன்று இரவு தானே ஃபோன் போட்டு எல்லோரிடமும் சொன்னார்கள்.

எனக்கு அதற்கடுத்த ஸ்பிரிங்கில் நர்சிங் இடம் கிடைத்தது. கடிதத்தைப் படித்தபோது அழுதேன். நர்சிங் வகுப்புகள் நுவார்க்கில் உள்ள கல்லூரியின் இன்னொரு வளாகத்தில் நடக்கின்றன. 2008-இல் திறந்த கட்டடம், பசுமைக் கட்டடங்களுக்கான லீட் பிளாட்டினம் தரச்சான்று பெற்றது.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது இதுதான். வருகிற ஸ்பிரிங்குக்கான பதிவு நவம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். அதற்கு முன் கவுன்சலரிடம் நேரம் வாங்கி, ஊரில் வாங்கிய மதிப்பெண் பட்டியலையும் காட்டுங்கள். சில பாடங்களுக்கு விலக்கு கிடைக்கலாம், ஆனால் அந்தப் பட்டியலை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் சரிபார்த்து வாங்க வேண்டியிருக்கும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீங்கள் விரும்பும் வகுப்பு நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்டில் பெயர் போட்டுவிட்டு முதல் நாள் கட்டாயம் போய் உட்காருங்கள். முதல் வாரத்தில் வராதவர்களை ஆசிரியர் நீக்கிவிட்டு, வந்து காத்திருப்பவர்களுக்கு, வகுப்பில் பதிவு செய்துகொள்ள உதவும் ஆட் கோட் கொடுப்பார். உடற்கூறியலில் எனக்கு இடம் கிடைத்ததும் அப்படித்தான்.