டெலஸ்கோப் இல்லாமல் வானம் பார்க்கப் பழக முடியுமா? மார்கழியில் எங்கிருந்து தொடங்கலாம்?

தாராளமாக முடியும். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் இருந்தே தொடங்குங்கள். தேதிக்குக் கீழே ரோகிணி, மிருகசீரிடம் என்று அன்றைய நட்சத்திரம் போட்டிருக்கும். அன்றைக்கு நிலா வானத்தில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதுதான் அது. ராசிபலனை விட்டுவிடுங்கள், அந்த ஒரு வரி போதும், மொட்டைமாடிக்குப் போய்விடலாம்.

நிலா தினமும் சுமார் 13 டிகிரி கிழக்கே நகரும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் 10 டிகிரி; அதை வைத்தே அளந்துவிடலாம். பௌர்ணமிக்கு முந்தைய மூன்று நாட்கள் பழக ரொம்ப வசதி. கொத்தாக இருக்கும் கார்த்திகை, செம்மஞ்சளாக ரோகிணி, பிறகு மிருகசீரிடம், கடைசியில் செந்நிறமாகத் திருவாதிரை (இங்கிலீஷில் Betelgeuse) என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும். திருவாதிரையை மட்டும் நிலா நெருங்கவே நெருங்காது, வருஷத்தைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு முஷ்டி வடக்கே தள்ளித்தான் போகும். 2026 ஜனவரி 3 பௌர்ணமி ராத்திரி, நிலாவை ஒட்டியே வியாழனும் இருந்தது.

திருவாதிரையைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் வெளிச்சத்தை ரோகிணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கமாகத் திருவாதிரைதான் பிரகாசம். 2019 மார்கழியில் அது தலைகீழாகிவிட்டது. நாளுக்கு நாள் மங்கி, ரோகிணியைவிடக் கீழே போய், 2020 பிப்ரவரியில் அடிமட்டத்தைத் தொட்டது. வெடிக்கப் போகிறது என்று வாட்ஸப்பில் ஒரே பரபரப்பு. அந்த நட்சத்திரம் தானே வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் நடுவில் திரை போட்டதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஏப்ரலுக்குள் பழையபடி ஆகிவிட்டது. ஒரு நட்சத்திரம் மாறுவதை வெறும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அந்தப் பழக்கத்தில் இப்போதும் மாடி ஏறினால் முதலில் அது இரண்டையும்தான் பார்ப்பேன்.

பத்து மணிக்கு மேல் தெற்கே திரும்பினால் அடிவானத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று அகத்தியர் நட்சத்திரம் (Canopus). டெல்லிக்காரர்களுக்கு அது தரையோடு தரையாகத்தான் தெரியும், நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கோலம் போட எழுந்திருக்கும் ஐந்து மணிக்கு வேறு வானம்: தெற்கே சிலுவை வடிவில் நான்கு நட்சத்திரங்களாகத் திரிசங்கு, கிழக்கே சித்திரையும் சுவாதியும். பனி மூட்டம் இருந்தால் தாழ்வாக இருப்பது எதுவும் தெரியாது, திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

கிரகங்கள் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். மினுக்காமல் நின்று எரிந்தால் பெரும்பாலும் கிரகம்தான். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் 10x50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் லென்ஸ்) பைனாகுலர் வாங்குங்கள். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் தெரியும். மறுநாள் பார்த்தால் அவை இடம் மாறியிருக்கும்.