பேஸ்மேக்கர் வைத்தாயிற்று, படபடப்பு ஏன் போகவில்லை?

சிங்கப்பூரில், இதயத் துடிப்பு மெதுவாகிவிடாமல் காக்க நெஞ்சுக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் கருவியைப் பரிசோதிக்கும் கிளினிக்கில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. உங்கள் நெஞ்சருகே ஒரு வட்டத் தலையை வைத்து, உள்ளே இருக்கும் கருவி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று கணினியில் படித்து, டாக்டர் சொல்கிறபடி அதன் அமைப்பை மாற்றுகிற ஆள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். மயக்கம் போட்டு விழுந்தவர்கள், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் இதைப் படித்துக்கொண்டு உட்கார வேண்டாம், 995ஐ அழையுங்கள்.

ஈசூனிலிருந்து ஓர் ஐயா: ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். துடிப்பை 60க்குக் கீழே விடாது என்றார்கள். நேற்று ராத்திரி ஆக்ஸிமீட்டரில் பார்த்தால் 41. விடிய விடியத் தூக்கமில்லை. கருவி நின்றுவிட்டதா?

2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்த ஆக்ஸிமீட்டர்தானே ஐயா? அந்தக் குட்டிப் பெட்டி எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது தெரியுமா?

அது எண்ணுவது விரல் நுனிக்கு வந்து சேரும் ரத்த அலையை. இதயத்தில் ஓடும் மின்சாரம் அதற்குத் தெரியாது. சில நேரம் ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்பே முந்திக்கொண்டு வரும். இதய அறை அப்போது சரியாக நிரம்பியிருக்காது, அதனால் வெளியே தள்ளும் ரத்தமும் குறைவு. அலை விரல்வரை எட்டாது. இப்படி ஒன்றுவிட்டு ஒன்று வந்தால் 82 துடிப்பு 41 என்று தெரியும். வீட்டில் இருக்கும் பிரஷர் மெஷினும் இதே தவற்றைச் செய்யும். பேஸ்மேக்கர் அந்த முந்திய துடிப்பையும் பார்த்துவிடுகிறது, அதனால் பேசாமல் இருக்கிறது. அது மெதுவான துடிப்புக்குத்தான் காவல். கூடுதலாக வரும் துடிப்பை அது தடுக்காது. நெஞ்சில் 'தொபுக்' என்று விழுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்று. சில கருவிகளில் தூங்கும் நேரத்துக்கு 50 என்று தனியாக வைத்திருப்பார்கள். உங்களுக்கு என்ன வைத்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்காக 41ஐ அப்படியே விட்டுவிடவும் சொல்ல மாட்டேன். முதல் சில வாரங்களில்தான் கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் இடம் நகர வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைச் சூடாக்கிக்கொண்டு மறுபடி பாருங்கள். உடம்பு நன்றாக இருந்தும் எண் மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால், காலையில் கிளினிக்குக்கு போன் செய்து சோதனைக்கு நேரம் கேளுங்கள். தலை சுற்றலோ கண் இருட்டலோ சேர்ந்து வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது.

பிடோக்: இடது விலாவுக்குக் கீழே விக்கல் மாதிரி துடிக்கிறது. குனிந்தால் அதிகம்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இதயத்தை ஒட்டியே இறங்குகிறது. ஒயரின் நுனி அதற்குப் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு தூண்டலுக்கும் வயிறு துள்ளும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் பலருக்கு நின்றுவிடும், அது கிளினிக் நாற்காலியிலேயே முடிகிற வேலை. ஆனால் ஒயர் நகர்ந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். அடுத்த அப்பாயின்மென்ட்வரை பொறுக்க வேண்டாம், இன்றே சொல்லுங்கள்.

தெம்பனிஸிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 74 வயது. மயக்கம் வருகிறது என்றுதான் பேஸ்மேக்கர் வைத்தோம். சோதனையில் எல்லாம் சரி என்கிறார்கள். ஆனால் எழுந்தால் இன்னும் தள்ளாடுகிறார். வீணாக வைத்துவிட்டோமோ?

எப்போது தள்ளாடுகிறார் என்று கவனித்தீர்களா? 'எழுந்தால்' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பேஸ்மேக்கர் துடிப்பைத்தான் பார்க்கும், ரத்த அழுத்தத்தை அல்ல. படுக்கையிலிருந்து எழுந்ததும் பிரஷர் சட்டென்று இறங்கினால் இதயம் ஒழுங்காக 70 துடித்தாலும் தலை சுற்றும். பிரஷர் மாத்திரை, புரோஸ்டேட் மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, பல வருடச் சர்க்கரை நோய் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் ஒரு காரணம்.

படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்ற முதல் நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை பிரஷர் எடுத்து எழுதுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அந்தத் தாளை பலதுறை மருந்தக டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம், அப்பாவுக்கு ஒரே ஒயர் உள்ள கருவியா என்று பேஸ்மேக்கர் அட்டையில் பாருங்கள். கீழறையை மட்டும் தூண்டும் கருவியில், மேலறையும் கீழறையும் ஒன்றுக்கொன்று இசைவில்லாமல் துடித்து, அசதி, கழுத்தில் தடதடப்பு, தலைச்சுற்றல் வருவதுண்டு. பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்பார்கள். இதை மனப்பிரமை என்று யாராவது ஒதுக்கினால் விடாதீர்கள். அமைப்பை மாற்றிப் பார்க்கலாம், தேவைப்பட்டால் இன்னொரு ஒயரும் சேர்க்கலாம்.

பொங்கோல்: பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தாலே துடிப்பு 95க்கு ஏறுகிறது. மாடிப்படி ஏறினால் மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது, மூச்சு வாங்குகிறது.

பல கருவிகளுக்குள் அசைவை உணரும் சென்சார் இருக்கிறது. உடம்பு குலுங்கினால் நீங்கள் நடக்கிறீர்கள் என்று நினைத்துத் துடிப்பைக் கூட்டும். பஸ் குலுக்கினாலும் அதற்கு நடைதான். படியேறும்போதோ, ஜிம் சைக்கிளில் உட்கார்ந்து மிதிக்கும்போதோ, நெஞ்சு அவ்வளவாகக் குலுங்காது. உழைப்பு அதிகம், அசைவு குறைவு, சென்சார் ஏமாந்துவிடும்.

முதல் நாள் வைக்கும் அமைப்பு ரெடிமேட் சட்டை மாதிரி. அளவு பார்த்துப் பிடித்துத் தைப்பது அடுத்த சில சந்திப்புகளில்தான். அதற்கு எங்களுக்கு வேண்டியது 'ஒரு மாதிரியாக இருக்கிறது' என்ற பேச்சல்ல. 'செவ்வாய்க்கிழமை காலை பத்தரை, மூன்றாவது மாடி ஏறினேன், மூச்சு வாங்கியது' என்று எழுதிக் கொண்டுவாருங்கள். கருவியின் நினைவில் அந்த நேரத்துப் பதிவு இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சில கிளினிக்குகளில் உங்களைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டே அளவை மாற்றுவார்கள்.

உட்லண்ட்ஸ்: இடது கையைத் தூக்கக் கூடாது என்றார்கள். பயந்து அசைக்காமலே வைத்திருந்தேன். இப்போது தலைகூட வாரிக்கொள்ள முடியவில்லை.

தோள் இறுகியிருக்கிறது. நாலிலிருந்து ஆறு வாரம் முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம், கனம் தூக்க வேண்டாம் என்பதுதான் சொன்னது. தோள் மட்டத்துக்குக் கீழே சாதாரணமாக அசைக்கத்தான் வேண்டும். டாக்டரிடம் சொல்லிப் பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லுங்கள். தையல் பக்கத்தில் மரத்துப்போவது, சுருக்கென்று குத்துவது, அரிப்பது எல்லாம் சில மாதம்கூட வந்து போகும். கை முழுக்க வீங்கி நிறம் மாறினால் மட்டும் அது வேறு, ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

அங் மோ கியோவிலிருந்து ஓர் அக்கா: தையல் ஓரம் சிவந்து லேசாக ஈரமாக இருக்கிறது. மஞ்சள் வைக்கலாமா?

வேண்டாம் அக்கா. மஞ்சள், வேப்பிலை, விபூதி, களிம்பு எதுவும் வேண்டாம். கீழ் பிளாக் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுப் பார்ப்பதும் வேண்டாம். மேலே காய்ந்தது போலத் தெரிந்து, கிருமி ஒயர் வழியாக உள்ளே போனால் கருவியையே எடுக்க வேண்டி வரும். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போங்கள். வீக்கத்தில் யாரும் ஊசி குத்தி எடுக்கவும் விடாதீர்கள்.

செங்காங்கிலிருந்து ஒரு தங்கை: என் வீட்டுக்காரர் மணிக்கு ஒரு தரம் நாடி பிடித்துப் பார்க்கிறார். தூங்கினால் நின்றுவிடுமோ என்று உட்கார்ந்தே இருக்கிறார். கீழே காப்பிக் கடைக்குக்கூட வருவதில்லை. ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது. எப்படிப் புரிய வைப்பது?

புரிய வைத்துப் போகிற பயமில்லை இது. ஒரு நாள் திடீரென்று மயங்கி விழுந்த உடம்பு, அடுத்ததற்குக் காவல் காக்கிறது. 'எல்லாம் நார்மல், சும்மா இருங்கள்' என்று சொல்லச் சொல்ல அவர் தனியாகிப் போவார். நாடி பார்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னாலும் நடக்காது. காலையில் ஒரு தடவை, உட்கார்ந்து, எழுதி வைக்கட்டும், அதோடு சரி. மெஷினை நீங்கள் எடுத்து வையுங்கள். நடையும் அப்படித்தான். முதலில் லிஃப்ட்வரை, பிறகு வெற்றுத்தளம், பிறகு காப்பிக் கடை. நீங்கள் கூட வராமல் ஒரு தடவை அவரே போய் வர வேண்டும், அதுதான் கணக்கு.

படுத்ததும் துடிப்பு காதில் கேட்கிறது என்பார். இடப்பக்கம் ஒருக்களித்தால் இதயம் விலாவை ஒட்டி வரும், பேஸ்மேக்கர் இல்லாதவருக்கும் கேட்கும். வலப்பக்கம் திரும்பிப் படுக்கலாம். சில கருவிகள் ராத்திரியில் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும், அப்போது சில விநாடி படபடப்பு தெரியலாம். பேஸ்மேக்கர் 'ஷாக்' அடிக்காது என்பதையும் சொல்லுங்கள், அது டிஃபிபிரிலேட்டர் என்ற வேறு கருவியின் வேலை. கட்டில் பக்கத்துப் பெட்டி கிளினிக்குக்குத் தகவல் அனுப்புகிறது என்றால் அதையும் சரியாகப் புரிந்துகொள்ளட்டும். இருபத்து நாலு மணி நேரமும் யாரோ திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருளில்லை, அவசரத்துக்கு 995தான்.

முதன்முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் சுவீடனின் ஆர்னே லார்சன். 1958 அக்டோபரில் வைத்த முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. மனிதர் 2001வரை, 86 வயதுவரை இருந்தார். இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றினார், கருவி செய்த பொறியாளரும் வைத்த டாக்டரும் அவருக்கு முன்பே காலமானார்கள். கடைசியில் புற்றுநோயால்தான் இறந்தார். கிளினிக்கில் இந்தக் கதையைச் சொன்னால் பல ஆண்கள் முதல் முறையாகச் சிரிப்பார்கள்.

இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் நாட்டமில்லை என்றால் டாக்டரிடம் மனநல ஆலோசனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். இதய நோயாளிகளுக்கு இது புதிதல்ல. நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமானால் 1771 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. நீங்களும் பேசலாம் தங்கச்சி, காவல் காக்கிறவரைக் காவல் காப்பது லேசான வேலையில்லை.

டிசம்பரில் ஆபரேஷன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா? வருடா வருடம் எடுப்பவன்.

இந்த வருடம் வேண்டாம். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை கையைத் தூக்கிக் குடத்தைப் பிடித்து நடப்பது, ஒயர் ஊன்றுவதற்கு முன் செய்யக் கூடாத அதே காரியம். வீட்டில் வேறு யாராவது எடுக்கட்டும், நீங்கள் கூட நடங்கள். அலகு குத்துவது வேறு கதை. கிருமி ரத்தத்தில் கலக்கும் வாய்ப்பு இருக்கிறது, ரத்தத்தை இளக்கும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருக்கலாம். முருகன் கோபிக்க மாட்டார், உங்கள் டாக்டர் கோபிப்பார்.

சின்னச் சின்னக் கேள்விகள் பல வந்தன.

கைப்பேசியைக் கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைத்துப் பேசுங்கள், சட்டைப் பையில் வேண்டாம், கருவிக்கும் அதற்கும் 15 சென்டிமீட்டர் இருக்கட்டும். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் போதும், பின்னடுப்பில் சமையுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்துக் கேட் ஒன்றும் செய்யாது. கடை வாசல் திருட்டுத் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே நின்று பேசாமல் நடந்து போய்விடுங்கள். சாங்கி விமான நிலையத்தில் அட்டையைக் காட்டுங்கள், கையில் பிடிக்கும் கருவியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காந்த மெத்தை, காந்த மாலை வேண்டாம். தொட்டால் பேரனுக்கு ஷாக் அடிக்காது. தூக்குவதற்கு ஆறு வாரம் ஆகட்டும், அதுவரை உட்கார்ந்துகொண்டு மடியில் வைக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் கேட்ட தம்பதிக்கு: தாராளமாக, அந்தக் கையில் பாரம் ஊன்றாமல்.

தோ பாயோவிலிருந்து ஒரு பாட்டி: சாகும் நேரத்தில் இது உயிரைப் போகவிடாமல் இழுத்துப் பிடிக்குமா?

பிடிக்காது பாட்டி. தசையில் உயிர் இருந்தால்தான் தூண்டலுக்கு அது துடிக்கும். உடம்பு ஓயும்போது கருவி தட்டினாலும் இதயம் திறக்காது. பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். தகனம் என்றால் பேஸ்மேக்கரை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். இறப்பைச் சான்றளிக்கும் டாக்டரிடமும், மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டாளரிடமும் அவர்கள் சொன்னால் போதும்.

ஜூரோங்: முதல் சோதனையில் பேட்டரி ஏழு வருடம் என்றார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் பதினொன்று என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் நிஜம். ஒயர் நுனி புதிதாகப் பதிந்த இடம் முதலில் கொஞ்சம் வீங்கும், அப்போது துடிப்பை எழுப்ப அதிக மின்னழுத்தம் தேவைப்படலாம். அதனால் ஆரம்பத்தில் தாராளமாக வைப்பார்கள். புண் ஆறியதும் குறைப்பார்கள், செலவு குறைந்தால் ஆயுள் கூடும். தீரும்போதும் பட்டென்று நிற்காது. மாற்ற வேண்டிய கட்டம் வந்ததும் கருவி சொல்லிவிடும், அதன் பிறகும் பொதுவாக மூன்று மாத அளவுக்கு ஓடும். அப்போது மாற்றுவது கருவியை மட்டும்தான். ஒயர் நன்றாக இருந்தால் அதையே புதிய கருவியில் பொருத்திவிடுவார்கள்.