முடக்குவாதத்துக்குச் சத்து மாத்திரை போதுமா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை முடக்குவாதம் என்னும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் பற்றியவை. மருத்துவர் எழுதித் தந்த மருந்தைத் தள்ளி வைத்துவிட்டு, சத்து மாத்திரையாலும் பத்தியத்தாலும் மட்டும் நோயை அடக்கிவிட முடியுமா என்பதையே பலரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் ஒன்றரை மணி நேரம் மடங்குவதில்லை. பீடி இலை வெட்டக் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் பாசிட்டிவ். மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். அது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து என்கிறார்களே, ஆறு மாதம் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாமா?
(38 வயது வாசகி, மேலப்பாளையம்)

பதில்: தயவுசெய்து ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். முடக்குவாதம் தேய்மானத்தால் வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அமைப்பே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் அந்தச் சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. பலருக்கு நோய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே இந்த அரிப்பு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அரித்துப் போன எலும்பை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. ஆகவே வலியைக் குறைப்பது ஒரு வேலை, அரிப்பைத் தடுப்பது வேறொரு வேலை. இரண்டாவது வேலையைச் செய்வதாக நிரூபிக்கப்பட்ட சத்து மாத்திரை இதுவரை இல்லை.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே தரப்படும் அளவு பல மடங்கு அதிகம். முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள், பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான் தருகிறோம். அமெரிக்காவில் 1988இல் இந்நோய்க்கு முறையாக அனுமதிக்கப்பட்ட இந்த மருந்துதான் இன்றும் உலகெங்கும் முதலில் தொடங்கப்படுகிறது. வாரம் ஒருமுறை என்பதைத் தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. எனவே அட்டையின் பின்புறம் பேனாவால் 'ஞாயிறு மட்டும்' என்று பெரிதாக எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். கூடவே தரப்படும் ஃபோலிக் அமிலத்தை வெறும் சத்து மாத்திரை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றைக் குறைப்பது அதுதான். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் செய்துகொள்ள வேண்டும். வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தாலோ, காய்ச்சலுடன் வாய்ப்புண் வந்தாலோ, அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை வலியைச் சற்றுக் குறைக்கலாம் என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு என்பதால், மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்து அதை விழுங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: எனக்கு முடக்குவாதத்தோடு தைராய்டு குறைபாடும் இருக்கிறது. தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினால் மூட்டுவலி தானே போய்விடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். சரியா?
(45 வயது வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: உறவினர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தாகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தால் தசைவலி, மூட்டு இறுக்கம், கைமணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போதல், அசதி எல்லாமே வரும். குறைபாட்டைச் சரிசெய்தால் இவையும் தணியும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நோயெதிர்ப்பு அமைப்பு தைராய்டு சுரப்பியையும் தாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், மருந்தால் வீக்கம் வடிந்த பிறகும் அசதி நீங்காத ஒருவருக்கு டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு போதுமா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பது நியாயமே. ஆனால் டிஎஸ்எச் அளவு சரியான எல்லைக்குள் வந்த பிறகும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் மூட்டின் உட்சவ்வில் நடக்கும் தாக்குதல் நிற்காது. மாறாக இதயம் படபடக்கும், துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு அடர்த்தி குறையும். முடக்குவாதமும், வீக்கத்தை விரைவாக அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஏற்கெனவே எலும்பைக் கரைக்கின்றன; அதன்மேல் இந்தச் சுமை தேவையில்லை.

உங்களுக்கு மாத்திரை போதாமல் இருக்கிறது என்றால், அளவைக் கூட்டுவதற்கு முன் அதைச் சாப்பிடும் விதத்தைப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டுக்கொண்டு, காப்பிக்கும் பலகாரத்துக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். அடுப்படியில் நின்று ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் காப்பி டம்ளருமாகக் குடிப்பவர்களுக்கு அந்த மாத்திரை சரியாக உட்கிரகிக்கப்படுவதில்லை. முடக்குவாதக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீராய்டோடு தரப்படும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும், ரத்தசோகைக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கோ இரவுக்கோ தள்ளி வையுங்கள். இப்படி மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள். அளவைக் கூட்டாமலே எண் சரியாகிவிடுவது உண்டு. இரண்டு நோய்களும் இதயத்தைப் பாதிப்பவை என்பதால் கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தினமும் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் ஊரில்தான் சாளை மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?
(52 வயது வாசகர், உவரி)

பதில்: முடக்குவாதத்துக்கு ஓரளவு நல்ல சான்று உள்ள சத்துப்பொருள் மீன் எண்ணெய்தான். மூட்டுவலியும் காலை இறுக்கமும் கொஞ்சம் குறைந்தன, வலிமாத்திரையின் தேவை இறங்கியது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அந்த ஆய்வுகளில் ஈபிஏ, டிஎச்ஏ என்னும் இரு கொழுப்பமிலங்களும் சேர்ந்து தினமும் ஏறக்குறைய 3 கிராம், குறைந்தது மூன்று மாதம் தரப்பட்டன. உங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும். சாதாரண வகையாக இருந்தால் பின்பக்கம் ஈபிஏ 180, டிஎச்ஏ 120 என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஆக ஒரு மாத்திரையில் உள்ளது 300 மில்லிகிராம்தான், ஆய்வில் தந்த அளவில் பத்தில் ஒரு பங்கு. அதற்காகப் பத்து மாத்திரையை நீங்களாக விழுங்கிவிடவும் கூடாது. அது காட் மீனின் ஈரல் எண்ணெயாக இருந்தால் வைட்டமின் ஏ நஞ்சாகும் அளவுக்கு ஏறிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

சாளை, அயிலை, நெத்திலி மூன்றும் அருமையான மீன்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள். புரதமும் சேர்ந்தே கிடைக்கும். சாளையின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறுவதால், இத்தனை மீனுக்கு இத்தனை மாத்திரை என்று கணக்குச் சொல்ல இயலாது. கருவாட்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டும் வலிமாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு உப்பு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும்.

கேள்வி: புளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். எடை ஏழு கிலோ குறைந்துவிட்டது, வலி குறையவில்லை.
(60 வயது வாசகி, வீரவநல்லூர்)

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது அம்மா. பருப்பை நிறுத்தச் சொல்வது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் வாதத்தோடு இதைக் குழப்பிக்கொள்வதால். கவுட்டுக்குக்கூடப் பருப்பை அடியோடு விட வேண்டியதில்லை. முடக்குவாதம் தசையை உருக்கும் நோய். பருப்பும் இல்லாமல் மீனும் இல்லாமல் இருந்தால் அந்த உருக்கம் விரைவாகும். கத்தரிக்காயும் தக்காளியும் மூட்டை வீங்க வைப்பதாக நம்பத் தகுந்த சான்று இல்லை. ஒரு குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களுக்குத் திடமாகத் தோன்றினால், அதை மட்டும் மூன்று வாரம் விட்டு, பிறகு மீண்டும் சேர்த்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்தை விட்டால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது.

உணவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில நாள் உபவாசத்துக்குப் பின் ஓராண்டு சைவ உணவில் இருந்த நோயாளிகள் பலருக்கு வலியும் வீக்கமும் குறைந்ததாக நார்வேயில் நடந்த ஆய்வொன்று 1991இல் வெளியானது. அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. வீட்டில் தனியாகப் பட்டினி கிடப்பது வேறு. உங்களுக்கு நம் ஊர் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போதும். புரதமும் சுண்ணாம்புச்சத்தும் ஒரே தட்டில் வந்துவிடும். கீரை, பயறு, சொதி எதையும் விட வேண்டாம். ஆனால் ஏழு கிலோ குறைந்ததை உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பத்தியம் மட்டும்தான் காரணமா என்று அவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: சீந்தில் சூரணமும், பெயர் இல்லாத பொட்டலத்தில் ஒரு பொடியும் சாப்பிடுகிறேன். பொடி சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது. தொடரலாமா?
(41 வயது வாசகர், களக்காடு)

பதில்: மூன்று நாளில் வீக்கம் வடிந்தது என்றால் அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று நான் அஞ்சுகிறேன். முகம் உப்பியிருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல வாரங்களாகச் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். உடல் தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பை நிறுத்தியிருக்கும், அதனால் மயங்கி விழும் அபாயம் உண்டு. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய், அவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள்.

சீந்தில் நோயெதிர்ப்பைத் தூண்டக்கூடியது. உங்கள் நோயே அந்த எதிர்ப்பு மிகுந்து திசைமாறியதுதான். கொரோனாக் காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அவர்களில் தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். அதை நிறுத்திவிடுங்கள். முடக்கத்தான் தோசை உணவுதான், தாராளமாகச் சாப்பிடலாம். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய், நீங்கள் சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் சீட்டையும் மறைக்காமல் காட்டுங்கள்.

கேள்வி: பீடி பிடிப்பேன். மருந்து சரியாகக் கேட்கவில்லை. கூடுதலாக எந்தச் சத்து மாத்திரை வாங்கலாம்?
(55 வயது வாசகர், முக்கூடல்)

பதில்: எதுவும் வாங்க வேண்டாம், பீடியை விடுங்கள். புகை இந்நோயை வரவழைக்கும் காரணங்களில் ஒன்று. வந்த பிறகு மருந்தின் பலனையும் குறைக்கும்.

கேள்வி: வைட்டமின் டி பொடியை வாரம் ஒன்றாக ஓராண்டாகச் சாப்பிடுகிறேன். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரையும் உண்டு.
(34 வயது வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: 60,000 யூனிட் பொடியைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொதுவாக எட்டு வாரம் வரை தந்து, பிறகு இடைவெளியைக் கூட்டுவோம். ஓராண்டு வாராவாரம் என்றால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, தாகம், வாந்தி, சிறுநீரகக் கல் வரை போகலாம். இப்போதே நிறுத்திவிட்டு, வைட்டமின் டி அளவையும் கால்சியம் அளவையும் பாருங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையைப் பொய்யாக்கும். டிஎஸ்எச் குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டும். அதை நம்பித் தைராய்டு மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள்.

கேள்வி: மகளுக்கு முடக்குவாதமும் தைராய்டும் இருக்கின்றன. வரும் தை மாதம் கல்யாணம். குழந்தை பெறலாமா?
(ஒரு தாய், சேரன்மகாதேவி)

பதில்: நிச்சயமாகப் பெறலாம், திட்டமிட்டுப் பெற வேண்டும். மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். கருத்தரிக்க நினைப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே நிறுத்தி, ஹைட்ராக்சிகுளோரோகுவின், சல்ஃபசலசின் போன்ற, கர்ப்ப காலத்திலும் தொடரத்தக்க மருந்துக்கு மருத்துவர் மாற்றுவார். அதுவரை கருத்தடை அவசியம். இதை மாப்பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். மாதவிடாய் தள்ளியதும் டிஎஸ்எச் பாருங்கள், ஏனெனில் கர்ப்பத்தில் தைராய்டு மருந்தின் தேவை ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் கூடும். அப்போது தரும் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் மேலே சொன்ன நான்கு மணி நேர இடைவெளி பொருந்தும்.