யூத மத ஆசான் ரபி அக்கிவா நாற்பது வயது வரை எழுத்தறியாதவர் என்பது உண்மையா? அவர் என்ன போதித்தார்?

யூத மரபு அப்படித்தான் சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்த அக்கிவா, ஆடு மேய்த்தவர். ஒருநாள் கிணற்றடியில் ஒரு கல் குழிந்திருப்பதைப் பார்த்து, யார் குடைந்தது என்று கேட்டாராம். நாள்தோறும் சொட்டும் நீர் என்றார்கள். மெத்தென்ற நீரே கல்லைக் குடையுமானால் யூத வேதமான தோரா என் நெஞ்சில் இறங்காதா என்று, மகனோடு சேர்ந்து அகரம் படிக்க உட்கார்ந்தார். நம் ஊரில் எறும்பு ஊரக் கல் தேயும். அங்கே நீர், அவ்வளவுதான். வயதுக் கணக்கை அப்படியே வரலாறாகக் கொள்ள நான் தயங்குவேன்.

அவர் கல்வி நிலையம் பினே பிராக் என்னும் ஊரில் இருந்தது. தோராவில் ஓர் எழுத்தும் வீணில்லை என்று துருவித் துருவிப் பொருள் கண்டவர் அவர். பிறரை உன்னைப் போல நேசி என்னும், தோராவின் லேவியராகம நூலில் உள்ள வரியைத் தோராவின் பெருவிதி என்றார். காதல் பாட்டாக ஒலிக்கும் வேதநூலான உன்னதப்பாட்டை 'புனிதங்களில் மகாபுனிதம்' என்று காத்தார். தாமும் ரபி தார்ஃபோனும் யூதர்களின் உயர் நீதிமன்றமான சன்ஹெத்ரினில் இருந்திருந்தால் எவருக்கும் மரண தண்டனை கிடைத்திராது என்றும் சொன்னார்.

சறுக்கலும் உண்டு. ரோமுக்கு எதிராக 132இல் கிளர்ந்த பார் கோக்பாவை, யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பரான மெசியா என்று நம்பினார். "அக்கிவா, உன் தாடையில் புல் முளைத்தாலும் மெசியா வரமாட்டார்" என்று சக ரபி ஒருவரே கேலி செய்தார். கிளர்ச்சி 135இல் நசுக்கப்பட்டது. ரோமர்கள் அக்கிவாவின் சதையை இரும்புச் சீப்புகளால் கிழித்தபோது, கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் 'ஷெமா' ஜெபத்தின் 'ஒருவரே' என்ற சொல்லை இழுத்து உச்சரித்தபடி உயிர்விட்டார் என்கிறது யூத மரபுநூலான தல்மூத்.