டோல்கேட் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

கேள்வி: ரோடு போட்ட கம்பெனி போட்ட காசை எடுத்தாச்சா இல்லையா என்று பார்க்க அரசாங்கத்தில் யாருமே இல்லையா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: ஏன் இல்லாமல், நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தமே கோணல் என்றால் அப்புறம் எத்தனை பேர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாலும் கோணல் கணக்குதான் வரும். டெல்லி–நொய்டா டிஎன்டி சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1997ல் அந்த ஊரின் வளர்ச்சியைக் கவனிக்கும் அரசு அமைப்பான நொய்டா ஆணையம் டெண்டர் விடாமலேயே நொய்டா டோல் பிரிட்ஜ் கம்பெனியோடு 30 வருஷ ஒப்பந்தம் போட்டது, 2001ல் வண்டி ஓட ஆரம்பித்தது. அதில் ஒரு ஷரத்து: மொத்தச் செலவுக்கு வருஷம் 20 சதவீத வருமானம், குறைந்தால் குறைந்த தொகையையும் செலவிலேயே ஏற்றிக்கொள்ளலாம். அதாவது 100 ரூபாய் போட்டு முதல் வருஷம் 5 ரூபாய்தான் வந்ததென்றால் மீதி 15ஐச் சேர்த்து 115 ஆக்கிவிடுவார்கள், அடுத்த வருஷம் 23 வரவேண்டும், வராது, அதையும் ஏற்று! கந்துவட்டிக்காரர்கூட இதைக் கேட்டால் அசந்துபோவார். தனி ஆடிட்டர், தனி இன்ஜினியர் எல்லாரும் ஒப்பந்தத்தில் உண்டு, ஷரத்தே இப்படி இருக்கும்போது அவர்கள் என்ன செய்வார்கள்?

கடைசியில் குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்புதான் கோர்ட்டுக்குப் போனது. காருக்கு 28 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த வசூலை 2016 அக்டோபரில் அலகாபாத் ஐகோர்ட் நிறுத்தியது. சுப்ரீம் கோர்ட் சிஏஜியை (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளர்) விட்டுக் கணக்குப் பார்க்கவைத்து, போட்டதும் லாபமும் எப்போதோ வந்தாச்சு என்று 2024 டிசம்பரில் அந்தத் தீர்ப்பையே உறுதிசெய்தது.

கேள்வி: நிதி அமைச்சகத்தில் பிபிபி (அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டங்கள்) மதிப்பீட்டுக் குழு என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் புகார் கொடுக்கலாமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: கொடுத்துப் பலனில்லை அம்மா. 2005ல் அமைத்த அந்தக் குழு மத்திய அரசுத் திட்டங்களைத் தொடக்கத்திலேயே அலசி அனுமதி கொடுப்பதோடு சரி. கையெழுத்தான பிறகு அந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. தினப்படி மேற்பார்வைக்கு 'சுயேச்சை இன்ஜினியர்' ஒருவரை ஆணையம் நியமிக்கும், அவர் சம்பளத்தில் பாதியை அவர் கண்காணிக்கிற கம்பெனியே தரவேண்டும் என்று மாதிரி ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியாருக்குப் பையன் வீட்டிலிருந்து பாதிச் சம்பளம் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

கேள்வி: சிஏஜியே நேராகத் தனியார் கம்பெனிக்குள் போகலாமே? (வாசகர், ஓசூர்)

பதில்: எல்லா இடத்திலும் முடியாது. வருமானத்தில் அரசுக்குப் பங்கு தரும் டெலிகாம் கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கலாம் என்று 2014ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அடுத்த வருஷமே, டெல்லி மின் விநியோகக் கம்பெனிகளைத் தணிக்கை செய்யச் சொன்ன டெல்லி அரசின் உத்தரவை அங்குள்ள ஐகோர்ட் ரத்து செய்துவிட்டது.