லாகின் பதிவுக் கோளாறுகள்: கேள்வி-பதில்

யார் எப்போது லாகின் செய்தார்கள் என்று காட்டும் லாஸ்ட் கமாண்ட் வேலை செய்யவில்லை. என்ன செய்ய?

எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன? இம்மூன்றும் இல்லாமல் எழுதினால் ஊகிக்கத்தான் முடியும். டெபியன் 13 என்றால் அந்தக் கமாண்டையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக டபிள்யூடிஎம்பிடிபி தொகுப்பை நிறுவுங்கள். பழைய பதிப்பில் ‘கோப்பு இல்லை’ என்று வந்தால் லாகின் வரலாறு பதிவாகும் டபிள்யூடிஎம்பி கோப்பை யாரோ அழித்திருக்கிறார்கள். லாகின் நிரல்கள் அதைத் தாமாக உருவாக்காது. சத்தமில்லாமல் பதிவு நின்றுவிடும். வெற்றுக் கோப்பை உருவாக்கி, உரிமையாளர் ரூட், குழு யூடிஎம்பி, அனுமதி 664 என வையுங்கள். காலி செய்ய வேண்டுமென்றால் நீளத்தைப் பூஜ்யமாக்குங்கள், அழிக்காதீர்கள்.

ஒவ்வொரு யூசரின் கடைசி லாகினையும் வைத்திருக்கும் லாஸ்ட்லாக் கோப்பு 1 டெராபைட்டுக்கு மேல் காட்டுகிறது. டிஸ்க்கே 40 ஜிபிதான்!

ஓட்டைக் கோப்பு அது, எழுதாத இடம் டிஸ்க்கைப் பிடிக்காது. யூசர் எண்ணை 292 பைட்டால் பெருக்கிய இடத்தில் எழுதும். எண் 400 கோடியைத் தாண்டினால் நீளமும் அப்படித்தான் காட்டும். டியூ போட்டால் உண்மை அளவு தெரியும். பேக்கப்பில் டார் கமாண்டுக்குப் பெரிய எஸ் ஆப்ஷன் கொடுங்கள்.

டபிள்யூடிஎம்பியை விஐ எடிட்டரில் திறந்து மூன்று வரி நீக்கினேன். இப்போது லாஸ்ட் குப்பையாகக் காட்டுகிறது.

காட்டாமல் என்ன செய்யும்? எத்தனை முறை சொன்னாலும் இதே கடிதம் வருகிறது. அந்தக் கோப்பில் வரியே கிடையாது. 64 பிட் இன்டெல் கணினியில் ஒவ்வொரு பதிவும் சரியாக 384 பைட். பிராசஸ் எண்ணிலோ நேரத்திலோ தற்செயலாக 10 என்ற பைட் வந்தால் விஐ அதை வரி முடிவு என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் நீக்கியது மூன்று பதிவுகளை அல்ல, எங்கிருந்தோ எங்கு வரையோ உள்ள பைட்டுகளை. அதற்குப் பின் உள்ள எல்லாப் பதிவும் இடம் பெயர்ந்துவிட்டது.

முதலில் நகல். நகலில்தான் இனி எல்லாம். பேக்கப் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் பதிவுகளை உரையாக்கிக் காட்டும் யூடிஎம்பிடம்ப் போட்டு எத்தனையாவது பதிவு வரை சரியாக வருகிறது என்று எண்ணுங்கள். அதை 384ஆல் பெருக்கி, அத்தனை பைட்டை ஹெட் கமாண்டால் வெட்டி எடுங்கள். மீதியை, பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் பாருங்கள். பிடிஎஸ் என்று டெர்மினல் பெயர் தொடங்கும் இடத்திலிருந்து 8 பைட் முன்னால்தான் பதிவு தொடங்குகிறது. அங்கிருந்து வெட்டி முன்பகுதியோடு சேர்த்துவிடுங்கள். வெட்டுப்பட்ட பதிவு போனது போனதுதான்.

உண்மையிலேயே திருத்த வேண்டுமென்றால், யூடிஎம்பிடம்ப் தரும் உரையை ஒரு கோப்பில் எழுதி, அதைத் திருத்தி, ஆர் ஆப்ஷனுடன் திரும்ப மாற்றுங்கள். அந்த நேரத்தில் யாரும் லாகின் செய்யக் கூடாது. தணிக்கைக்கு உட்பட்ட சர்வர் என்றால் தொடவே வேண்டாம். இன்னொன்று: 64 பிட் ஆர்ம் கணினியில் பதிவு 400 பைட். அங்கிருந்து கொண்டுவந்த கோப்பை இன்டெலில் படித்தாலும் இதே குப்பைதான் வரும்.

லாஸ்டில் ‘கான், நோ லாகவுட்’ என்று வருவது ஏன்?

பிராசஸை அக்கணமே கொல்லும் கில் 9 அடித்திருப்பீர்கள். வெளியேறியதைப் பதியும் முன்பே பிராசஸ் செத்துவிட்டது. ‘கிராஷ்’ என்று வந்தால், முறையாக நிறுத்தாமலே கணினி மறுபடி பூட் ஆகியிருக்கிறது.

தோல்வியடைந்த லாகின்கள் பதிவாகும் பிடிஎம்பி கோப்பு 3 ஜிபி ஆகிவிட்டது.

எஸ்எஸ்ஹெச் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்து, பாஸ்வேர்டு லாகினையும் அனுமதித்திருக்கிறீர்கள். கீ லாகினுக்கு மாறுங்கள், பதிவுக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டில் பிடிஎம்பியைச் சேர்த்துவிடுங்கள். அனுமதி 600 அல்லது 660, அதற்கு மேல் வேண்டாம். அவசரத்தில் யூசர் பெயர் இடத்தில் பாஸ்வேர்டைத் தட்டியவர்களின் பாஸ்வேர்டு அதில் அப்படியே கிடக்கும். இதையும் அழிக்காதீர்கள், காலி செய்யுங்கள்.

ஆல்பைன் லினக்ஸில், இப்போது யார் லாகினில் இருக்கிறார்கள் என்று காட்டும் ஹூ ஒன்றுமே காட்டவில்லை.

கோளாறு இல்லை. ஆல்பைன் பயன்படுத்தும் மசல் சி லைப்ரரியில், லாகினைப் பதியும் யூடிஎம்பி செயல்கள் பெயருக்குத்தான் இருக்கின்றன.