கேப்டனே கடைசியில் நடக்க முடியாமல் போனார் என்றால், உடற்பயிற்சி எதற்கு?

கேள்வி இதுதான்: "டூப் போடாமல் அத்தனை சண்டை போட்ட விஜயகாந்தே கடைசிக் காலத்தில் நாலடி நடக்கத் தவித்தார். அப்புறம் ஜிம், சிலம்பம், சிக்ஸ் பேக் என்று நாம் ஏன் அலைய வேண்டும்? சண்டைப்பட நடிகர்களிடம் கற்றுக்கொள்ள என்னதான் இருக்கிறது?"

கேட்டவர் கேலிக்குக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்தே பார்க்கும் வேலையாக இருக்கும், வயது முப்பதைத் தாண்டியிருக்கும், டாக்டர் "நடங்க" என்று சொல்லியிருப்பார், மனசு ஒப்பவில்லை, ஒரு காரணம் தேடுகிறார். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காரணத்துக்குக் கேப்டனை இழுத்தால் மதுரைக்காரனுக்குச் சுருக்கென்றுதான் படும். நான் திருப்பரங்குன்றம் பக்கம் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறவன். கட்சிக்காரன் இல்லை. கீழே வந்து முத்திரை குத்துகிறவர்கள் குத்திக்கொள்ளட்டும்.

முதலில் நோயைப் பேசிவிடுவோம். அவருக்குச் சர்க்கரை இருந்தது. 2022-ல் அதனால் கால் விரல்களை எடுக்க வேண்டி வந்தது என்று அவர் கட்சியே அறிக்கை விட்டது. சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்கும், ரத்த ஓட்டம் குறையும், சின்னப் புண்கூட ஆறாது. உதைத்துப் பழகிய காலுக்கும் அது வரும், நாற்காலிக்கடியில் தொங்கிக்கொண்டிருந்த காலுக்கும் வரும். உடற்பயிற்சி செய்தால் நோயே வராது என்று எந்த வாத்தியாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தசை வேலை செய்தால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும்; பஸ்கி போடுகிறவனுக்கு அந்த வகையில் ஒரு கூடுதல் பலம். அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்தப் பலத்தையும் வேண்டாம் என்று ஏன் தள்ள வேண்டும்?

1952-ல் திருமங்கலத்தில் பிறந்து, மதுரையில் அப்பாவின் அரிசி மில்லைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் சென்னைக்குப் போய், 1984-ல் மட்டும் 18 படங்களில் நடித்தார். பகலில் ஒரு செட், ராத்திரி இன்னொரு செட் என்று ஓடாமல் அந்தக் கணக்கு வராது. அப்போது யாரும் அவருடைய வயிற்றில் கட்டு தெரிகிறதா என்று எண்ணவில்லை. சுவரில் ஒரு காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி மறுகாலால் உதைப்பார் பாருங்கள், அந்த உதைக்கு இடுப்பும் தொடையும் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று கம்பு பிடிக்கிறவனுக்குத் தெரியும். அந்த மனிதர் தளர்ந்துபோன நாளில் அவர் நடையையும் பேச்சையும் வைத்து மீம் போட்டார்கள். 2023 டிசம்பர் 28-ம் தேதி அவர் போன பிறகு அதே கைகள் கண்ணீர் பொம்மை போட்டன. எனக்கு இன்னும் ஆறவில்லை.

டூப் விஷயத்துக்கு வருகிறேன். "டூப் போடாதவன்தான் வீரன்" என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. கேப்டனைப் புகழ்வதற்காகச் சொன்னாலும் பிடிக்காது. காரணம், அந்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு. கம்பு சுற்றத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று கேட்டு, எங்கள் வாத்தியார் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். எங்களுக்கு வேலை கொஞ்சம்தான், கூட்டத்தில் நின்று கம்பு வீச வேண்டும். அன்றைய பெரிய வேலை, மச்சு வீட்டு மாடியிலிருந்து ஹீரோ முதுகு காட்டிக் கீழே விழுவது. விழப்போகிறவர் சென்னையிலிருந்து வந்த ஃபைட்டர். நாற்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு. ஹீரோ போட்டிருந்த அதே சட்டையை அவருக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள்.

கீழே அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காலிப் பெட்டிகள்; விழும்போது காற்று வெளியேறி நசுங்கினால்தான் உடம்பு தப்பும். அவர் ஒவ்வொரு பெட்டியாகத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் பின் அடித்திருந்த பெட்டிகளை எடுத்து ஒதுக்கினார். ஒன்றில் ஈரம் பட்டிருந்தது, அதையும் எடுத்துவிட்டார். அடுக்கைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லி, மேலே மெத்தை, அதற்கு மேல் தார்ப்பாய். பிறகு சுவரிலிருந்து அடுக்கின் நடுப்பகுதிவரை காலடி வைத்து அளந்தார். மாடிக்குப் போய் அதே அளவைக் கண்ணால் பார்த்தார். திரும்ப இறங்கி வந்து அடுக்கை இன்னும் கொஞ்சம் வெளியே நகர்த்தச் சொன்னார். சண்டைப் பயிற்சி மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"பயமா இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி. இருக்கிறதாலதான் பெட்டியப் பார்க்கிறேன்" என்றார்.

விழுந்தார். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தார்ப்பாயில் பட்டது, இரண்டு கையும் விரிந்து அறைந்தன. கையை ஊன்றவே இல்லை. எழுந்து வந்ததும் முதலில் கேட்டது, "ஷாட் ஓகேவா மாஸ்டர்?" வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நம்ம பயலுக ஹீரோ பெயரைச் சொல்லி விசில் அடித்தாய்ங்க. ஒருத்தன், "டேய், அது டூப்புடா" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அந்த மனிதரின் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அதனால்தான் விஜயகாந்த் சாப்பாட்டு விஷயத்தில் செய்ததைப் பெரிதாக நினைக்கிறேன். ஹீரோவுக்கு ஒரு சாப்பாடு, லைட்மேனுக்கும் ஃபைட்டருக்கும் வேறு சாப்பாடு என்று இருந்த இடத்தில், எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்று நின்றவர் அவர். அவரோடு வேலை செய்த பலர் மேடையிலேயே சொன்ன செய்தி இது. அடி வாங்குகிறவன் வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்பது அடிக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. சண்டை நடிகரின் வாழ்க்கைப் பார்வை என்று நீங்கள் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன், அவருடைய புஜத்தை அல்ல.

ஜாக்கி சான் பெயரைச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பகலில் நூலகமாகவும் சாயங்காலம் இங்கிலீஷ் பட தியேட்டராகவும் இருந்த நம்ம மதுரை ரீகலை அறிந்த தலைமுறை நான். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, அவர் தவறி விழுந்ததையும் அடிபட்டதையும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவதையும் சேர்த்துக் காட்டுவார். விலை என்ன என்று மறைக்கவில்லை. அவர் மண்டை உடைந்தது கட்டடத்திலிருந்து குதித்தபோது அல்ல. 1980-களில் யுகோஸ்லாவியாவில் ஒரு மரக்கிளைக்குத் தாவும் காட்சி. முதல் டேக் சரியாகவே வந்தது, அவருக்குத் திருப்தியில்லை, இன்னொரு முறை தாவினார், கிளை முறிந்தது. தலை பாறையில் மோதி, மூளை அறுவை சிகிச்சைவரை போய்விட்டது; ஒரு காதில் கேட்கும் திறனும் குறைந்தது. சின்ன வயதிலேயே சீன நாடகப் பள்ளியில் அடியும் உதையுமாகப் பழகிய உடம்புக்கே இந்த நிலை. ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்து "வாத்தியாரே, பேக் ஃப்ளிப் சொல்லிக்குடுங்க" என்று நிற்கிற பயல்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஜிம் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். எடை தூக்குவது நல்லது. சினிமாவில் சட்டையைக் கழற்றும் காட்சிக்கு முன்னால் உப்பையும் தண்ணீரையும் குறைத்து, உடம்பை வற்றவைத்து நிற்கிறார்கள். அந்த ஒரு நாள் தோற்றத்தை வருடம் முழுக்க வேண்டும் என்று கேட்டு, ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளைத்தான் தடுக்கப் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் மனசில் இருப்பதையும் கொட்டிவிடுகிறேன். நம் தேசிய விருதில் சண்டைப் பயிற்சிக்கென்று ஒரு பிரிவு 2016-ம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் வந்தது. பீட்டர் ஹெயின் வாங்கினார். ஆஸ்கரில் 2028 விழாவில்தான் வரப்போகிறது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்துப் படப்பிடிப்பு ஒன்றில், கார் கவிழும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் உயிர் விட்டார். இரண்டு நாள் பேசினோம். சிலம்பத்தின் நிலையும் ஏறக்குறைய இதுதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் காட்சி விளையாட்டாக வைத்தார்கள், சந்தோஷம். ஆனால் ஊருக்கு ஊர் ஆளுக்கொரு சங்கம், ஆளுக்கொரு சான்றிதழ். என்னிடம் படித்த பெண் ஒருத்தி கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் போனபோது, இந்தச் சங்கத்துச் சான்றிதழ் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் கம்பில் குறையே இல்லை. நாங்கள் பழகிய பள்ளி மைதானத்தையும் இப்போது சாயங்காலம் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே காரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கண்மாய்க் கரையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கருவேல முள்ளுக்கு நடுவே காலடி பழகுகிறார்கள்.

கேட்டவருக்கு வருகிறேன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உங்கள் ஊரில் நல்ல வாத்தியார் யாராவது இருந்தால் போய்ச் சேருங்கள். மதுரை என்றால் எங்களிடமே வரலாம். வந்தவுடன் கம்பு கிடைக்காது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை ஊன்றாமல் மணலில் விழப் பழக்குவோம், பஸ்கி போடவைப்போம், வெறுங்காலில் காலடி வரிசை. அதன் பிறகுதான் கம்பு. பாதத்தில் புண் இருந்தால் மட்டும் ஆறிய பிறகு வாங்க.